நியாயமான உயரம்

1937ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை மணி பத்து இருபது. வானத்தில் மேகம் இல்லை. நிலையச் சுவரில் மாட்டியிருந்த வெப்பமானி ஃபாரன்ஹீட்டில் எண்பத்தொன்பது காட்டியது. காற்றும் இல்லை, சிக்னல் கம்பத்தடியில் வளர்ந்திருந்த லாலாங் புல்கூட அசையவில்லை. இதையெல்லாம் நினைவிலிருந்து எழுதுவதாக யாரும் எண்ண வேண்டாம். அப்போது நிலைய ரெஜிஸ்டரில் எழுதியதை ஒரு கொப்பியில் பெயர்த்து வைத்திருந்தேன். அந்தக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. எண்பத்துநான்கு பக்கம். கரையான் அரித்தது மூன்று பக்கம்தான்.

அப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது. மலாயாவில், குளுவாங்குக்குத் தெற்கே ஒரு சிறிய ரயில் நிலையத்தில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தேன். ஒற்றைப் பாதை. வண்டிகள் ஒதுங்கி நிற்க ஒரு துணைப் பாதை. சரக்குக் கொட்டகை ஒன்று, சீனக் கடை ஒன்று, எங்கள் குவார்ட்டர்ஸ் ஒன்று, தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனின் வீடு ஒன்று. அதற்கு அப்பால் நான்கு பக்கமும் ரப்பர்.

ஒற்றைப் பாதையில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்துவிடாமல் இருக்க, பக்கத்து நிலையத்தோடு நாங்கள் மணியால் பேசுவோம். என் மேசையின் இடப்பக்கத்தில் அந்த மணிக்கருவி திருகி வைக்கப்பட்டிருந்தது. மூன்று தட்டு என்றால் சரக்கு வண்டி கேட்கிறது. நான்கு தட்டு என்றால் பயணிகள் வண்டி. ஆறு தட்டு என்றால் பாதையில் தடை, எதையும் விடாதே, விட்டதை நிறுத்து. எத்தனை தட்டு வந்ததோ அத்தனை தட்டுத் திருப்பி அடிக்க வேண்டும். அடித்ததை நேரத்தோடு மையால் ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். எழுதியதை அழிக்கக் கூடாது. பிழை என்றால் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். இருபத்தாறு வருடம் இதைச் செய்தவனுக்கு எண்ணுவது ஒரு வேலையாகத் தெரியாது. படி ஏறினாலும் எண்ணுவேன், சோறு அள்ளினாலும் எண்ணுவேன்.

அன்று வடக்கே போகும் பயணிகள் வண்டி மேடையில் நின்றது. பாதை உனக்குத்தான் என்று ஓட்டுநருக்குக் கொடுக்கும் இரும்பு வில்லையைக் கொடுத்தாகிவிட்டது. வண்டியின் கார்டு பச்சைக் கொடியை விரித்துவிட்டார். அந்த நேரத்தில்தான் மேற்கேயிருந்து விமானம் வந்தது.

விமானம் எங்களுக்குப் புதிதல்ல. முக்கால் மைலுக்கு அப்பால், பழைய ரப்பர் மரங்களை வெட்டிச் சமன்படுத்திய தரையில், தோட்டத்துத் துரைகள் சிலர் சேர்ந்து ஒரு விமானக் கழகம் வைத்திருந்தார்கள். இரண்டு விமானம், கற்றுக்கொடுக்க ஒருவர். கற்றுக்கொள்பவர் ஏறி, எங்கள் நிலையத்துக்கு மேலே திரும்பி, ஒரு வட்டம் போட்டு, இறங்கி, மறுபடி ஏறுவார். ஒரு வட்டத்துக்கு ஆறு நிமிடம். ஒவ்வொரு வட்டத்திலும் பதினான்கு வினாடிக்கு என் அறையில் வேறு எதுவும் கேட்காது. ஆறு தட்டு அடிக்க ஐந்து வினாடி போதும்.

மணி அடித்தது. நான் நான்கு என்று எண்ணினேன். நான்கு எப்படி வரும்? நம் வண்டிக்கு அனுமதி கொடுத்த பிறகு எதிரிலிருந்து பயணிகள் வண்டி கேட்க முடியாதே. யோசித்துக்கொண்டே நான்கு திருப்பித் தட்டினேன். உடனே தொலைபேசி அடித்தது. வடக்கு நிலையத்து மாஸ்டர்.

"மாஸ்டர், நான் ஆறு தட்டினனான். நீங்கள் நாலு தட்டுறியள். காடு வெட்டுறவங்கள் சாய்ச்ச மரம் பாதையிலை கிடக்குது. வண்டியை விட்டிட்டியளோ?"

தொலைபேசியைப் போட்டுவிட்டுச் சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு ஓடினேன். வண்டி நகர்ந்துகொண்டிருந்தது. பாயிண்ட்ஸ்மேன் என்னைப் பார்த்துத் தானும் கத்திக்கொண்டு ஓடினான். வண்டி நின்றது. பிறகு அளந்து பார்த்தேன். கடைசிப் பெட்டி பதினொரு ஸ்லீப்பர் கட்டை தூரம் நகர்ந்திருந்தது. மரம் இரண்டு மைலுக்கு அப்பால் ஒரு வளைவில் கிடந்தது. வண்டியில் ஐந்து பெட்டி. அன்று காலை நான் மட்டும் விற்ற சீட்டு முப்பத்தேழு. அதில் குழந்தைகளின் அரைச்சீட்டு ஒன்பது.

அந்த ஒன்பதைத்தான் என்னால் விட முடியவில்லை.

*

மூன்றாம் நாள் ரயில்வே டிராஃபிக் இன்ஸ்பெக்டர் வந்தார். எங்கள் யாழ்ப்பாணத்துக்காரர்; என்னைவிட ஆறு வயது இளையவர்; ஆனாலும் மேலதிகாரி. ரெஜிஸ்டரை நின்றுகொண்டே பார்த்தார்.

"ஆறு நாலானது எப்பிடி?"

"ஏரோப்பிளேன் ஐயா. சரியாக மேலே வந்தது."

"ஏரோப்பிளேனோ?" கண்ணாடியைக் கழற்றினார். "மாஸ்டர், நான் நம்புறன். மேலிடத்திலை நம்போணுமே. இன்னொருதரம் இப்பிடி நடந்தால் அவை ஆகாயத்தைப் பாக்க மாட்டினம். உங்கட காதைத்தான் பாப்பினம். அது வரேக்கை எழுதி வையுங்கோ. எப்ப வந்தது, எவ்வளவு பதிஞ்சு வந்தது எண்டு."

தனித்தாளில் எழுதி வையுங்கள் என்றுதான் அவர் சொல்லியிருப்பார். எனக்கு அப்படிக் கேட்கவில்லை. ரயில்வேயில் எழுதி வை என்றால் ரெஜிஸ்டர்தான். தாளில் எழுதியதற்கு மதிப்பில்லை. அன்று முதல் வண்டிகள் வரும் நேரம், போகும் நேரம் எழுதும் அதே பக்கத்தில், குறிப்புக்கான பத்தியில், விமானங்களையும் ஏற்றினேன். வந்த நேரம், வந்த திசை, உயரம், மழையா வெயிலா. ஒன்பதாம் தேதியதையும் பின்குறிப்பாகச் சேர்த்துக் கையெழுத்து வைத்தேன். சில நாட்களில் எங்கள் நிலையத்தில் நின்ற வண்டிகளைவிட மேலே பறந்தவை அதிகம்.

உயரத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். அந்த விமானத்தின் இறக்கை நுனிக்கு நுனி முப்பது அடி என்று, வண்டிக்குக் காத்திருந்த துரை ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஓர் அடிக்கோலைக் கண்ணிலிருந்து இருபத்துநான்கு அங்குலம் தள்ளிப் பிடித்து, இறக்கை எத்தனை அங்குலம் தெரிகிறது என்று பார்க்க வேண்டும். ஒன்றரை அங்குலம் தெரிந்தால் நானூற்றெண்பது அடி. கை ஆடாமல் இருக்க ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டுப் பல்லில் கடித்துக்கொண்டேன்.

பாயிண்ட்ஸ்மேன் இதை ஊரெல்லாம் சொல்லிவிட்டான். தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்து, பத்து வயதில் தோட்டத்துக்கு வந்து, பிறகு ரயில்வேயில் சேர்ந்தவன். நல்ல வேலைக்காரன், வாய்தான் அதிகம்.

"மாஸ்டரையா, கப்பல் தெர்பாங்குக்குச் சட்டை தைக்கப் போறீங்களா? அளவு எடுக்குறீங்களே." விமானத்துக்கு மலாயில் அந்தப் பெயர்.

"நீ சிக்னல் விளக்கைத் துடை."

"தொடைச்சாச்சுங்க. அக்குளு அளவும் எடுத்துக்குங்க, அப்பறம் புடிக்குதுன்னு சொல்லப் போறாங்க லா."

வீட்டில் மனைவிக்கு வேறு கோபம். கொடியில் காயப் போட்ட சேலையில் எண்ணெய்த் துளிகள் இருந்தன. நான் எண்ணினேன், பதினேழு. விமானம் சொட்டிய எண்ணெய் என்று காட்டினேன்.

"இஞ்சாருங்கோ, பத்து வருஷமா உங்கட எஞ்சின் கரியிலை தோய்ச்ச சீலை இது. அதுக்கு ஒருநாளும் நீங்கள் எண்ணேல்லை."

"ஏன் இப்ப மெதுவாகச் சொல்லுறீர்? சொல்லுறதை உரத்துச் சொல்லும்."

"மெதுவாயோ!" என்று அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் அன்று கணக்கில் எடுக்கவில்லை.

*

ஏப்ரல் முடிவதற்குள் இன்னும் நான்கு முறை மணியைத் தவறாகத் திருப்பி அடித்தேன். எதிலும் வண்டிக்கு ஆபத்து வரவில்லை. தவறாக அடித்தால் எதிர்நிலையம் திரும்ப அடிக்கும். அதற்காகத்தான் அந்த விதி. ஆனால் ஒவ்வொரு தவறும் இரண்டு நிலையத்து ரெஜிஸ்டரிலும் மையில் விழுந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் வேலைக்குக் காதும் கண்ணும்தான் முதல். காது போனால் வேலை போகும், அல்லது கீழே இறக்குவார்கள். ஓய்வுபெற இரண்டரை வருடம் இருந்தது. அதுவரை விமானங்களைத் தள்ளிப் பறக்க வைத்துவிட்டால் தப்பிவிடுவேன் என்று நினைத்தேன்.

ஒரு விடுப்பு நாளில் குளுவாங்குக்குப் போய் ஒரு வழக்கறிஞரின் கிளார்க்கைப் பார்த்தேன். வழக்கறிஞரைப் பார்க்கக் கட்டணம் பத்து வெள்ளி. கிளார்க்கைப் பார்க்க மூன்று. நாகப்பட்டினத்துக்காரர். மேசை மேல் கோப்புகளை அடுக்கி, அதன் மேல் கோப்பிக் கோப்பையை வைத்திருந்தார்.

"வழக்குப் போடணும்கிறீங்க. சட்டம் என்ன சொல்லுதுன்னா மாஸ்டர், உங்க வீட்டுக்கு மேல பறந்துட்டான், சத்தம் போட்டுட்டான்னு மட்டும் சொல்லி வழக்குப் போட முடியாது. நியாயமான உயரத்துல பறந்திருந்தா."

"நியாயமான உயரம் எத்தனை அடி?"

"அது போடல."

"போடவில்லையா?"

"காத்து, மழை, சூழ்நிலை எல்லாத்தையும் பாத்து எது நியாயமோ அது."

"அடி போடாமல் உயரம் எப்படி இருக்கும்?"

"சட்டத்துல இருக்கும்" என்றார். கோப்பியை ஒரு வாய் குடித்தார். "ஆனா ஒண்ணு. மேலேருந்து ஏதாவது விழுந்து நஷ்டமாச்சுன்னா, யார் தப்புன்னு நீங்க நிரூபிக்கவே வேணாம், காசு வாங்கிடலாம். ஏதாவது விழுந்துச்சா?"

"எண்ணெய் விழுந்தது."

"எவ்வளவு?"

"பதினேழு சொட்டு."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "எண்ணினீங்களா?"

"எண்ணினேன்."

"பதினேழு சொட்டுக்குக் கோர்ட்டுக்குப் போனா, ஜட்ஜு அதை வச்சுத் தாளிச்சுடுவாரு. வழக்கை விடுங்க, மனு போடுங்க. கட்டடத்துக்கு மேல காரணமில்லாம தாழப் பறக்கக் கூடாதுன்னு விமானம் ஓட்டுறவங்களுக்கு விதி இருக்கு. அதைப் பாத்துக்குற அதிகாரி ஒருத்தர் இருக்காரு. தேதி, மணி, உயரம் மூணும் எழுதிக் குடுங்க. கழகத்துலயும் எந்த நேரம் யார் பறந்தான்னு புஸ்தகம் வச்சிருப்பாங்க, ரெண்டையும் ஒப்பிட்டுப் பாப்பாங்க. பொய் மட்டும் எழுதிடாதீங்க, மாட்டிக்குவீங்க. தொல்லைன்னு சொன்னாப் பத்தாது. அதனால என்ன கெட்டுப்போச்சுன்னும் எழுதணும். உங்ககிட்ட மணித் தப்பு இருக்கு, அது போதும்."

நிறையப் பேர் கையெழுத்துப் போட்டால் நல்லது என்றும் சொன்னார். அதற்காகச் சீனக் கடை முதலாளியான தவுக்கேயிடம் போனேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் விமானம் பார்க்கத் தோட்டங்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். சோடாப் பெட்டி நான்கு காலியாகிறது. முன்பு ஒன்றுகூடப் போகாது. பக்கத்து மலாய்க் கிராமத்துத் தலைவர் எருமைகள் மிரள்வதாகச் சொன்னார். ஆனால் கையெழுத்துக்கு மாவட்ட அதிகாரியின் சம்மதம் கேட்டு வருவதாகப் போனவர் திரும்பவில்லை. தோட்டத்து எழுத்தரான கிராணியிடம் நான் கேட்கவே இல்லை. அவருடைய துரைதான் அங்கே பறந்துகொண்டிருந்தார்.

ஆக, மனுவில் ஒரே கையெழுத்து. என்னுடையது.

*

ஜூன் பதினான்காம் தேதியோடு தொண்ணூற்றெட்டு நாள் ஆயிற்று. அன்று மாலை, தெற்கு நோக்கிய சரக்கு வண்டி போன பிறகு, கணக்கை எடுத்தேன். நிலையத்துக்கு மேலே பறந்தது முந்நூற்று நாற்பத்தொரு முறை. ஐந்நூறு அடிக்குக் கீழே நூற்றிருபத்தேழு முறை. மணியை நான் தவறாகத் திருப்பித் தட்டியது ஒன்பது முறை.

ஃபுல்ஸ்கேப் தாளில் கோடு போட்டேன். ஒரு பத்தியில் மணித் தவறு, எதிர்ப்பத்தியில் அந்த நேரத்து விமானம். முதல் தவறு, மார்ச் ஒன்பது, பத்து இருபது; எதிரே, விமானம், மேற்கேயிருந்து. இரண்டாவதுக்கு இருந்தது. மூன்றாவதுக்கு இருந்தது. நான்காவது, ஏப்ரல் இருபத்தொன்று, பிற்பகல் மூன்று ஐந்து. எதிரே எழுத ரெஜிஸ்டரைப் புரட்டினேன். விமானம் இல்லை. எழுத மறந்திருப்பேன் என்று நினைத்தேன். அதே வரியில் என் கையெழுத்தில் இருந்தது: "காலை முதல் மழை." மழையில் கற்றுக்கொள்பவர்கள் பறப்பதில்லை.

சரி, மழைச் சத்தம். துத்தநாகக் கூரை. அப்படி எழுதலாம்.

ஏழாவது, மே இருபது. விமானம் இல்லை, மழையும் இல்லை. ஒன்பதாவது, ஜூன் இரண்டு. மாடு ஒன்று பாலத்தில் கால் சிக்கிக் கிடக்கிறது என்று தெற்கு நிலையம் ஆறு தட்டியது. நான் ஐந்து தட்டினேன். விமானம் இல்லை. மழை இல்லை. காற்றுகூட இல்லை என்று நானே எழுதியிருந்தேன்.

மூன்று தடவை கூட்டினேன். ஆறும் மூன்றும் ஒன்பது. பேனாவை வைத்துவிட்டு வெளியே வந்தேன். பாயிண்ட்ஸ்மேன் தண்டவாளத்து ஓரம் உட்கார்ந்து சுருட்டுக் குடித்துக்கொண்டிருந்தான்.

"ஜூன் ரெண்டாந்தேதி, மாடு பாலத்தில் விழுந்த அன்றைக்கு, ஏரோப்பிளேன் வந்ததா?"

அவன் எழுந்தான். "இல்லீங்களே. அன்னைக்கி எந்தச் சத்தமும் இல்ல. மாடு கத்துனது இங்கவரைக்கும் கேட்டுச்சு."

"மாடு கத்தியதா? பாலம் அரை மைல் இருக்குமே."

"ஆமாங்க. உங்களுக்குக் கேக்கலீங்களா?"

அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். தாழ்த்தியதால் நான் மறுபடி கேட்க வேண்டியிருந்தது. "வந்துச்சுன்னு எழுதிடுங்க மாஸ்டரையா. மேல போறதை யாரு எண்ணப் போறா?"

"நான் எண்ணியிருக்கிறேன்" என்றேன்.

வீட்டுக்குப் போனேன். வெளிச்சம் இன்னும் இருந்தது. மனைவியிடம் என் பையிலிருந்த கடிகாரத்தைக் கொடுத்தேன். தையல் அளவு நாடாவை எடுத்து வரச் சொன்னேன். நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்து, கடிகாரத்தைத் தூரத்திலிருந்து மெல்லக் கிட்டக் கொண்டுவரச் சொன்னேன். டிக்டிக் என்று கேட்டதும் கையைத் தூக்கினேன். அவள் அளந்தாள். வலக்காது, பத்தொன்பது அங்குலம். இடக்காதுக்கு வெகுநேரம் காத்திருந்தேன்.

"தொடங்கும்" என்றேன்.

"தொடங்கி எவ்வளவு நேரம்" என்றாள்.

இடக்காது, நான்கு அங்குலம். மணிக்கருவி இருந்தது என் இடப்பக்கம்.

அவளுக்குக் கேட்டது முப்பத்தாறு அங்குலத்தில். நாடா அவ்வளவுதான் இருந்தது.

"எப்போதிலிருந்து உமக்குத் தெரியும்?"

"ரெண்டு வருஷமிருக்கும். குசினிக் கதவடியிலை நிண்டு மூண்டுதரம் கூப்பிட்டால் ஒருதரம் திரும்புவியள். வயசு எண்டு விட்டிட்டன்." நாடாவைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்: "ஏரோப்பிளேன் வந்தது எனக்கும் ஒரு வசதியாய்ப் போச்சு. அதாலைதான் எண்டு நானும் நினைச்சுக்கொண்டன்."

*

அடுத்த ஆறு நாள் அந்த மனு மேசை இழுப்பறையில் கிடந்தது. மணி அடிக்கும்போதெல்லாம் கழுத்தைத் திருப்பி வலக்காதைக் கொடுத்தேன். தட்டை வாய்விட்டு எண்ணினேன். நான்கு என்று எண்ணி முடித்ததும் ஐந்தாவது வருமோ என்று மூச்சைப் பிடித்துக் காத்திருந்தேன். அந்த ஆறு நாளில் ஒரு தவறும் இல்லை. ஆனால் மை மூன்று இடத்தில் சிந்தியது. சீட்டு விற்கும்போது அரைச்சீட்டு வாங்கியவர்களின் தலையைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

வழக்கறிஞரின் கிளார்க்குக்குத் தபாலில் எழுதிக் கேட்டேன். பதில் ஒரு வரி: ஆறை மட்டும் அனுப்புங்கள், மூன்றை யாரும் கேட்கவில்லை.

அது பொய் அல்ல. ஆறும் உண்மை. ஆறுக்கும் எதிரே விமானம் இருந்தது; கழகத்துப் புத்தகமும் அதையே சொல்லும். ஆனால் தாளின் தலைப்பில் "நிலைய ரெஜிஸ்டரிலிருந்து எடுத்த உண்மைப் பிரதி" என்று நானே எழுதியிருந்தேன். அந்தச் சொல்லுக்குக் கீழே கையெழுத்துப் போட்டால் வரியை விடக் கூடாது. நேரம் தவறாக எழுதிய ஒரு வரியைப் பிரதியில் விட்டதற்காக ஒரு உதவி மாஸ்டரை நானே ஒருமுறை ரிப்போர்ட் செய்திருக்கிறேன். இது ஒரு காரணம். இன்னொன்றை எழுதத் தயக்கமாக இருக்கிறது, எழுதுகிறேன். ஜூன் இரண்டாம் தேதி பாலத்தில் கிடந்தது மாடு. எப்போதும் மாடாகவே இருக்குமா?

ஒன்பதையும் எழுதினேன். மூன்றுக்கு எதிரே "விமானம் இல்லை" என்று எழுதினேன். ஏப்ரல் இருபத்தொன்றுக்கு மட்டும் "மழை" என்று சேர்த்தேன், அது உண்மை. விமானங்களைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரிக்கு ஒரு பிரதி, ரயில்வேக்கு ஒரு பிரதி. ஜூன் இருபத்தொன்று, திங்கட்கிழமை, வடக்கு வண்டியின் தபால் பையில் போட்டேன்.

ஆகஸ்ட் மாதம் பதில் வந்தது. இரண்டு பத்தி. நான் கணக்கிட்ட உயரங்களைக் கழகத்தார் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் நேரங்கள் அவர்கள் புத்தகத்தோடு பொருந்தியிருந்தன. ஆகவே இறங்கும்போதும் ஏறும்போதும் தவிர, நிலையத்துக்கு மேலே ஆயிரம் அடிக்குக் கீழே திரும்பக் கூடாது, வட்டத்தை மேற்கே தோட்டப் பக்கம் போட வேண்டும் என்று கழகத்துக்கு அறிவிக்கப்பட்டிருப்பதாக எழுதியிருந்தார்கள். ஆயிரம் அடி என்று எண்ணால் போட்டிருந்தது. அதை நான்கு முறை படித்தேன்.

மறுவாரம் இன்ஸ்பெக்டர் வந்தார். இந்தத் தடவை உட்கார்ந்தார்.

"மாஸ்டர், நான் எழுதி வையுங்கோ எண்டது தாளிலை. ரெயில் ரெஜிஸ்டரிலை ஏரோப்பிளேனை ஏத்தின முதல் ஆள் நீங்கள்தான். மேலிடத்திலை சிரிச்சவை. பிறகு கடைசிப் பக்கத்தைப் பாத்தவை, சிரிக்கேல்லை."

"மணியை வலப்பக்கம் மாற்றி வைத்தால்?" என்று கேட்டேன்.

"மணியை மாத்தலாம்." அவர் என் கொப்பியைக் கையில் எடுத்துப் புரட்டினார், திருப்பிக் கொடுத்தார். "அந்த மூண்டையும் ஏன் எழுதினியள்? ஆறு போதுமே. நான் ஒண்டும் கேட்டிருக்க மாட்டன்."

"அரைச்சீட்டு ஒன்பது" என்றேன். அவருக்கு விளங்கியிருக்காது. தலையை ஆட்டினார்.

செப்டம்பரில் ஜோகூர் பாருவில் டாக்டர் பார்த்தார். அவரிடம் கடிகாரம் இல்லை. முள்கரண்டி மாதிரி ஓர் இரும்பை முழங்காலில் தட்டி, காதருகே பிடித்தார். இடது பக்கம் அவர் பிடித்தாரா என்று கேட்டேன். பிடித்துவிட்டு எடுத்தும்விட்டதாகச் சொன்னார். அக்டோபர் முதல் தேதி என்னைக் குளுவாங் சரக்குக் கொட்டகையில் எழுத்தராக மாற்றினார்கள். ரப்பர் மூட்டைகளை எண்ணும் வேலை. மூட்டை சத்தம் போடாது, காது வேண்டியதில்லை.

அடுத்த வருடம் பாயிண்ட்ஸ்மேன் ஒருநாள் கொட்டகைக்கு வந்தான். புது மாஸ்டர் இளைஞர், பறப்பதை எண்ணுவதில்லை என்றான்.

"இப்ப அந்தப் பக்கம் போவுது மாஸ்டரையா, தோட்டத்துக்கு அங்கிட்டு. லயத்துச் சனங்க திட்டுறாங்க. நம்ம ஸ்டேசன்ல மணிச் சத்தம் கணீர்னு கேக்குது."

தோட்டத் தொழிலாளர்களின் லயத்தில் எத்தனை வீடு என்று கேட்டேன். நாற்பத்திரண்டு என்றான். அதை நான் மனுவில் யோசிக்கவில்லை.

அவன் போன பிறகு கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதத் தொடங்கி, 1939 செப்டம்பரில் ஓய்வுபெற்ற அன்று முடித்த கணக்கு இது. ஸ்டேஷன் மாஸ்டருக்கும் எழுத்தருக்கும் சம்பள வித்தியாசம் மாதம் இருபது வெள்ளி. இருபத்துநான்கு மாதம், நானூற்றெண்பது வெள்ளி. வழக்கறிஞரின் கிளார்க்குக்கு மூன்று வெள்ளி. ஃபுல்ஸ்கேப் தாள் நாற்பது காசு. தபால்தலை முப்பத்தாறு காசு. மொத்தம் நானூற்று எண்பத்து மூன்று வெள்ளி எழுபத்தாறு காசு.